இந்தத் திருத்தத்துக்கு ஆணை எங்கே?

(அலுவலகப் பணியாளர்களுக்கான பொதுக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் பிரிவுக் கண்காணிப்பாளர்கள் இருக்கிறீர்கள், உதவியாளர்கள் இருக்கிறீர்கள், கூட்டுறவுச் சங்கச் செயலாளர்களும் கல்லூரி அலுவலகங்களிலிருந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். உங்களில் பலருக்கு மாதம் ஒருமுறையாவது இப்படி ஒரு மின்னஞ்சல் வரும். இணைப்பில் ஓர் எக்செல் கோப்பு. மேலே ஒரே வரி: “இதன்படி சிஸ்டத்தில் அப்டேட் செய்யவும்.” அனுப்பியவர் கணக்கில் அது பத்து நிமிட வேலை. செய்து முடிக்க எத்தனை நாள் ஆகும் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியும். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு சிக்கல் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

கணினியைப் பிறகு பார்க்கலாம். முதலில் பழைய பணிப்பதிவேட்டை எடுத்துக்கொள்வோம், நாம் எஸ்.ஆர். என்று சொல்வது. ஒரே புத்தகம்தான். ஆனால் அதிலுள்ள ஒவ்வொரு விவரத்துக்கும் ஒவ்வொரு சட்டம். பிறந்த தேதியைத் திருத்த வேண்டுமானால், தமிழ்நாடு அரசுப் பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு விசாரணை, பிறகு ஆணை. வீட்டு முகவரி மாறினால் ஒரு கடிதம் போதும். நியமனதாரரை மாற்றப் படிவமும் சாட்சிக் கையொப்பமும் வேண்டும். திருத்துவதற்கும் ஒரு முறை இருந்தது. சுரண்டக் கூடாது, மேலெழுதக் கூடாது. பழையது படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு, மேலே புதியதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். வெள்ளை மை பூசிய பக்கத்தைத் தணிக்கையர் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதே விவரங்கள் எக்செல் தாளுக்கு வந்ததும் என்ன ஆகின்றன? பிறந்த தேதியும் கைப்பேசி எண்ணும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள். இரண்டையும் ஒரே சொடுக்கில் மாற்றலாம். எதை யார் மாற்றலாம் என்று அந்தத் தாளுக்குத் தெரியாது. அந்தத் தாளை அப்படியே தரவுத்தளத்தில் ஏற்றினால், ஆணை இல்லாத திருத்தங்களை ஆயிரக்கணக்கில், ஒரே நேரத்தில், கையொப்பமில்லாமல் செய்துவிட்டோம் என்று பொருள். நகலெடுக்கிறோம் என்ற நினைப்பிலேயே இதைச் செய்கிறோம். வினை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தரவுத்தளம், விரிதாள் என்ற இந்த இரண்டு கருவிகளும் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் கோட், தரவுகளை ஒன்றோடொன்று உறவுள்ள அட்டவணைகளாக வைக்கும் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார். பலர் பகிர்ந்துகொள்ளும் பெரிய தரவு வங்கிகள்தாம் அவர் கவலை. 1979-இல் டான் பிரிக்லினும் பாப் ஃப்ராங்க்ஸ்டனும் ஆப்பிள் 2 கணினிக்காக விசிகால்க் என்ற மின் விரிதாளை வெளியிட்டார்கள். பிரிக்லின் அதை ஹார்வர்டில் வணிக மேலாண்மை மாணவராக இருந்தபோது யோசித்தவர். ஒரு தொகையை மாற்றினால் மற்றவை எல்லாம் தாமாக மாற வேண்டும் என்பது அவர் தேவை. ஒன்று பலர் நம்பிக் கூடிப் பயன்படுத்துவதற்கு, மற்றொன்று ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கு. எக்செல் 1985-இல் வந்தது. இன்று உலகத்தின் பாதி அலுவலகம் அதன் மேல்தான் நிற்கிறது என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். எக்செல்லைக் குறை சொல்ல நான் வரவில்லை. அது செய்யப் பிறக்காத வேலையை அதன் தலையில் கட்டுகிறோம் என்பதுதான் என் குறை.

எக்செல்லுக்கு ஒரு சுபாவம் உண்டு. நீங்கள் என்ன தட்டினீர்கள் என்பதைவிட, என்ன சொல்ல வந்திருப்பீர்கள் என்று ஊகிப்பதில் அதற்கு ஆர்வம் அதிகம். மரபணு ஆய்வாளர்கள் இதில் நன்றாக மாட்டிக்கொண்டார்கள். செப்டின் குடும்பத்து மரபணுக்களுக்குச் செப்ட்-1, செப்ட்-2 என்று குறியீடுகள். மார்ச்-1 என்றும் ஒரு மரபணு உண்டு. ஆய்வகத்தில் தட்டினார்கள், எக்செல் அவற்றைச் செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதிகளாக்கிவிட்டது. இதை 2004-லேயே ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மூவர் ஆய்விதழ்களை அலசியபோது, எக்செல்லில் மரபணுப் பட்டியலை இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. முடிவு என்ன தெரியுமா? 2020-இல் மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் சர்வதேசக் குழு, மரபணுக்களின் குறியீட்டையே மாற்றிவிட்டது. மென்பொருளைத் திருத்த முடியாமல் உயிரியலைத் திருத்தினார்கள்! இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தி வைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது 2023-இல்தான்.

நம் அலுவலகத்தில் மரபணு கிடையாது. ஆதார் எண் உண்டு. அது 12 இலக்கம். எக்செல்லில் சாதாரண வடிவமைப்புள்ள கட்டத்தில் 12 இலக்க எண்ணைத் தட்டினால், புள்ளி வைத்து, நடுவில் ஓர் ஆங்கில எழுத்து வைத்து, அறிவியல் குறியீடாகச் சுருக்கிக் காட்டும். கட்டத்துக்குள் முழு எண் பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை சி.எஸ்.வி. என்ற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால், கண்ணுக்குத் தெரிகிற சுருக்க வடிவம்தான் கோப்புக்குள் போகும். பின் இலக்கங்கள் போனது போனதுதான். வங்கிக் கணக்கு எண் இன்னும் மோசம். எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் நினைவில் வைக்காது. 16-ஆவது இலக்கத்தை எண்ணாகத் தட்டினால் அது பூஜ்யமாகிவிடும். எச்சரிக்கை வராது, சிவப்பு விழாது. முன்னால் பூஜ்யம் வரும் கணக்கு எண்களில் அந்தப் பூஜ்யமும் காணாமல் போகும். ஒருவருடைய கணக்கு எண் கூட்டுவதற்கோ கழிப்பதற்கோ உரிய எண் அல்ல, இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர். அதைத் தொடக்கத்திலேயே ‘டெக்ஸ்ட்’ என்று வடிவமைத்துவிட்டுத்தான் தட்ட வேண்டும். தட்டி முடித்த பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

தேதி இன்னும் நயவஞ்சகமானது. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால், ஆகஸ்ட் 5 என்று நினைத்து 05/08/2021 எனத் தட்டியது மே 8 ஆகிவிடும். 25/08/2021 என்று தட்டினால், 25-ஆவது மாதம் இல்லாததால், அது தேதியாகாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். அதாவது, ஒரே நெடுவரிசையில் 12-ஆம் தேதி வரை உள்ளவை சத்தமில்லாமல் புரண்டிருக்கும், 13-ஆம் தேதி முதல் உள்ளவை எழுத்தாகக் கிடக்கும். தரவுத்தளம் இரண்டாவது வகையைத்தான் ‘தேதி அல்ல’ என்று திருப்பி அனுப்பும். நாமும் அவற்றை மட்டும் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து போவோம். உண்மையில் கெட்டவை, எந்தப் புகாருமில்லாமல் உள்ளே போனவை. ஓய்வு பெறும் தேதி இதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இவையெல்லாம் ஓர் அலுவலகத்தின் தலைவலிகள். ஒரு நாட்டின் தலைவலியையும் சொல்ல வேண்டும். 2020 அக்டோபர். இங்கிலாந்தில் கொரோனாவின் இரண்டாம் அலை ஏறிக்கொண்டிருந்த நேரம். ஆய்வகங்கள் பரிசோதனை முடிவுகளை சி.எஸ்.வி. கோப்புகளாக அனுப்பின. அவற்றை அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை அமைப்பான பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து தானியங்கி முறையில் எக்செல் தாள்களுக்கு இழுத்து, அங்கிருந்து மையத் தரவுத்தளத்துக்கும் தொடர்பு கண்டறியும் குழுக்களுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்த எக்செல் தாள் பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவத்தில் இருந்தது. அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தாம். 2007-இல் வந்த புதிய வடிவம் 10,48,576 வரிசைகள் வரை தாங்கும். அது வந்து 13 ஆண்டு கழித்தும் பழையதே ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் பல வரிசைகள் தேவைப்பட்டதால், ஒரு தாளில் ஏறத்தாழ 1,400 பேருக்குத்தான் இடம். அதற்கு மேல் வந்தவர்கள் விளிம்பைத் தாண்டி விழுந்துவிட்டார்கள்.

செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேர் இப்படி விடுபட்டார்கள். அவர்களுக்குத் தங்கள் பரிசோதனை முடிவு தெரிந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் போக வேண்டிய குழுவுக்கு அவர்கள் இருப்பதே தெரியவில்லை. வார்விக் பல்கலைக்கழகத்துடன் தொடர்புடைய பொருளாதார ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டபோது, இப்படி விடுபட்டதால் கூடுதலாக 1,500-க்கும் மேற்பட்ட இறப்புகள் நேர்ந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அது மதிப்பீடுதான், எண்ணிப் பார்த்த கணக்கு அல்ல. ஆனாலும் அதைப் படித்த பிறகு ‘வெறும் டேட்டா என்ட்ரிதானே’ என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

இதைத் தடுக்கப் பெரிய அறிவியல் எதுவும் தேவைப்பட்டிருக்காது. வந்த கோப்பில் எத்தனை வரிசை, உள்ளே போனது எத்தனை வரிசை என்று இரண்டு எண்களை ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். நம் கருவூலத்திலும் வங்கியிலும் மாலையில் கணக்கை நேர் செய்யாமல் யாரும் வீட்டுக்குப் போனதில்லை. அதே பழக்கம்தான். எண்ணிக்கையோடு நில்லாமல், சம்பளத் தொகை போன்ற ஒரு நெடுவரிசையின் மொத்தத்தையும் இரண்டு பக்கமும் கூட்டிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துப்போய், மொத்தம் உதைத்தால், நடுவில் எங்கோ ஓர் இலக்கம் புரண்டிருக்கிறது.

அடுத்தது, யார் யார் என்கிற கேள்வி. தாளில் உள்ள இந்த வரிசை, தரவுத்தளத்தில் உள்ள எந்த மனிதருடையது? பெயரை வைத்துப் பொருத்தலாம் என்று நினைத்தால் தமிழ்ப் பெயர்கள் நம்மைச் சந்தியில் நிறுத்திவிடும். குடும்பப் பெயர் இல்லாத ஊர் நம்முடையது. கந்தசாமி மகன் முருகன் ஓர் அட்டையில் ‘க. முருகன்’, இன்னொன்றில் ‘முருகன் க’. வங்கியில் ‘கே. முருகன்’. வருமான வரி அட்டைக்குத் தலைப்பெழுத்தை விரித்து எழுத வேண்டியிருப்பதால், அங்கே தந்தை பெயரும் சேர்ந்து ‘முருகன் கந்தசாமி’. நான்கும் ஒருவரே. இன்னொரு பக்கம், ஒரே அலுவலகத்தில் உண்மையிலேயே இரண்டு க. முருகன்கள் இருப்பார்கள்.

எழுத்துருவும் சேர்ந்துகொண்டு ஆடும். பாமினியிலும் வானவில்லிலும் தட்டிய பழைய கோப்புகள் கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகள். எழுத்துருவைக் கழற்றினால் வெறும் உளறல். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடுக்கு மாறும்படி ஆணையிட்ட பிறகும், பழைய கோப்புகள் இன்றுவரை வந்துகொண்டுதான் இருக்கின்றன. யூனிகோடிலும் ஒரு வேடிக்கை உண்டு. ‘கொ’ என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு குறியெண்களாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, தரவுத்தளத்துக்கு அவை வேறு வேறு சொற்கள். காலுக்குப் பதிலாக ரகரத்தைத் தட்டுகிறவர்கள் உண்டு. ‘ஔ’ என்பதற்கு ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்துத் தட்டுகிறவர்கள் அதைவிட அதிகம். பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலும் பொருத்தம் நடக்காது. இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியெடுத்த இடைவெளி என்றால், எக்செல்லின் ‘ட்ரிம்’ கட்டளைக்கும் அது அகப்படாது.

ஊர்ப் பெயரும் இப்படித்தான். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு நெருக்கமாக மாற்றி ஓர் அரசாணையை வெளியிட்டது. கோயம்புத்தூர், வேலூர் எல்லாம் புதிய எழுத்துக்கூட்டல் பெற்றன. விமர்சனங்கள் வந்தன. ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்த இடைவெளியில் சுறுசுறுப்பான ஓர் அலுவலகம் ஊர்ப் பெயரையே அடையாளமாக வைத்திருந்த தன் தரவுத்தளத்தைப் புதுப்பித்திருந்தால், அதன் கதி என்ன என்று யோசியுங்கள். பெயர் மாறும், எழுத்துக்கூட்டல் மாறும். எண் மாறக் கூடாது. அதனால்தான் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஊராட்சிக்கும் கிராமத்துக்கும் தனிக் குறியீட்டு எண் கொடுத்து ஓர் அடைவை வைத்திருக்கிறது. உங்கள் அலுவலகத்திலும் பணியாளர் எண், உறுப்பினர் எண், சேர்க்கை எண் என்று ஏதோ ஒன்று இருக்கும். அந்த எண் இல்லாமல் வரும் எக்செல் தாளைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். ‘வி-லுக்கப்’ போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம் என்று இறங்காதீர்கள். அந்தக் கட்டளையின் கடைசிப் பகுதியை எழுதாமல் விட்டால், சரியான பெயர் கிடைக்காதபோது பக்கத்தில் இருக்கும் வேறொருவருடைய விவரத்தை எடுத்துக் கொடுத்துவிடும்.

இப்போது, பலர் கவனிக்காமல் விடும் ஒரு வேறுபாட்டுக்கு வருகிறேன். தவறாக இருந்ததைச் சரிசெய்வது ஒன்று. சரியாக இருந்தது நாளடைவில் மாறுவது வேறொன்று. எக்செல்லில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

ஓர் உதாரணம்: 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து தென்காசி பிரிந்தது. அதே மாதம் கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு மாவட்டங்களும் தொடங்கின. 32 மாவட்டங்கள் 37 ஆயின. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை சேர்ந்து 38. ஒரு கல்லூரியில் மாணவர் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். திருநெல்வேலி என்று இருப்பதை எல்லாம் தென்காசி என்று மாற்ற முடியாது, திருநெல்வேலி மாவட்டம் அங்கேயேதான் இருக்கிறது. வட்டத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். வேலூர் மூன்றாகப் பிரிந்தது. திருப்பத்தூர் என்ற பெயரில் சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு வட்டம் இருப்பதால் அங்கே இன்னொரு குழப்பம். இவ்வளவையும் தாண்டி வட்டவாரியாகச் சரியாகப் பிரித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். 2005-இல் தென்காசியில் பிறந்த மாணவியின் ‘பிறந்த மாவட்டம்’ என்ன? அவருடைய பிறப்புச் சான்றிதழ் திருநெல்வேலி என்றுதான் சொல்லும். அதை மாற்ற நமக்கு உரிமை கிடையாது. ‘தற்போதைய முகவரி’யில் உள்ள மாவட்டத்தை மாற்றியே ஆக வேண்டும். அனுப்பப்பட்ட தாளிலோ ‘மாவட்டம்’ என்று ஒரே ஒரு நெடுவரிசை. எந்த மாவட்டம் என்று தலைப்பு சொல்லாது.

பணம் சம்பந்தப்பட்ட உதாரணம் வேண்டுமா? கரூரில் 1926-இல் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பர் 27-இல் டி.பி.எஸ். வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. அதன் கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் பிறகு மாறின. அதே ஆண்டு ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும் இணைந்தன. அங்கேயும் பழைய குறியீடுகள் படிப்படியாகச் செல்லாமல் போயின. சம்பளம் போடும் அலுவலகங்கள் எல்லாம் எக்செல்லில் புதிய குறியீடுகளை வாங்கி ஏற்றின. பலருடைய தரவுத்தளத்தில் குறியீடு பணியாளர் அட்டவணையில் மட்டும் இருந்தது, சம்பளம் கொடுத்த பதிவுகள் அங்கிருந்தே அதை எடுத்துக்கொண்டன. புதிய குறியீட்டை ஏற்றிய மறுநாள், 2018-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டியலை அச்செடுத்தால், அப்போது இல்லாத குறியீட்டுக்குப் பணம் போனதாகக் காட்டும். தணிக்கைத் தடைக்கு வேறு என்ன வேண்டும்? தீர்வு எளிது. மாறக்கூடிய விவரங்களுக்கு ‘எந்த நாள் முதல்’ என்ற நெடுவரிசை ஒன்று வேண்டும். பழையதை அழிக்காமல் முடித்துவைத்து, புதியதைப் புதிய வரிசையாகச் சேர்க்க வேண்டும். பணிப்பதிவேட்டின் ஒற்றைக் கோடு இங்கே இந்த வடிவத்தில் வருகிறது.

காலிக் கட்டத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஒரு துறையிலிருந்து கைப்பேசி எண்களைப் புதுப்பித்து ஒரு தாள் வருகிறது. மின்னஞ்சல் நெடுவரிசை முழுக்கக் காலி. அவர்கள் நினைத்தது, ‘அதில் மாற்றமில்லை’. இயந்திரம் புரிந்துகொள்வது, ‘அழித்துவிடு’. ஏற்றி முடித்ததும் ஊழியர் அத்தனை பேருடைய மின்னஞ்சலும் துடைத்து வைத்தது போலக் காணாமல் போகும். காலிக் கட்டத்துக்கு ‘தெரியவில்லை’ என்றும் பொருள் இருக்கலாம், ‘இவருக்குப் பொருந்தாது’ என்றும் இருக்கலாம். மணமாகாதவருடைய வாழ்க்கைத்துணை பெயர்க் கட்டம் அப்படி. முன்பு சொன்ன எட்கர் கோட் தம்முடைய 1990-ஆம் ஆண்டு நூலில் தெரியாததையும் பொருந்தாததையும் தனித்தனிக் குறிகளால் பிரிக்கச் சொன்னார். அது நடைமுறைக்கு வரவில்லை. நாம் ஓர் எளிய கட்டுப்பாட்டை வைத்துக்கொள்ளலாம்: காலிக் கட்டம் எதையும் அழிக்காது. அழிக்க வேண்டுமானால் ‘நீக்குக’ என்று எழுதித்தான் அனுப்ப வேண்டும். ஒருவருடைய வரிசையே தாளில் இல்லை என்பதாலும் அவரை நீக்கக் கூடாது. வடிகட்டி போட்டு மறைத்து வைத்துவிட்டு, தெரிந்த வரிசைகளை மட்டும் நகலெடுத்து அனுப்பியிருப்பார்கள்.

காலிக் கட்டங்கள் இன்னொரு வழியிலும் முளைக்கும். ஒன்றாக இணைத்த கட்டங்களில் முதல் கட்டத்தில் மட்டும்தான் மதிப்பு இருக்கும், மற்றவை காலி. பிரிவின் பெயரை ஒருமுறை எழுதிப் பத்து வரிசைக்கு நீட்டி வைத்திருந்தால், ஒன்பது பேர் எந்தப் பிரிவிலும் இல்லாதவர்களாகிவிடுவார்கள். நிறத்தையும் நம்ப முடியாது. “மஞ்சள் அடித்ததெல்லாம் மாறியவை சார்” என்று தொலைபேசியில் சொல்வார்கள். சி.எஸ்.வி. கோப்புக்குள் மஞ்சள் போகாது.

சரி, எப்படித்தான் ஏற்றுவது? அரிசி மண்டியில் வந்து இறங்கும் மூட்டையை யாரும் நேரே கிடங்குக்குள் தூக்கிக்கொண்டு போவதில்லை. வாசலில் இறக்கி, எடை போட்டு, குத்தூசி விட்டு நாலு அரிசியைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே. தரவுத்தளத்துக்கும் அப்படி ஒரு வாசல் வேண்டும். தொழிலில் அதற்கு ஸ்டேஜிங் டேபிள் என்று பெயர். வந்த கோப்பை ஓர் எழுத்தும் மாற்றாமல் தனியாகப் பத்திரப்படுத்திவிட்டு, அதன் நகலை இந்தத் தற்காலிக அட்டவணையில் இறக்குங்கள். எல்லா நெடுவரிசைகளும் இங்கே வெறும் எழுத்தாகவே இருக்கட்டும். தேதியா எண்ணா என்ற தீர்ப்பு பிறகு. ஒவ்வொரு வரிசைக்கும் மூலத் தாளின் வரிசை எண்ணையும் சேர்த்துவிடுங்கள். தகராறு வரும்போது அந்த எண்தான் சாட்சி.

சோதனைகள் அந்த வாசலிலேயே நடக்க வேண்டும். ஆதாரின் கடைசி இலக்கம் மற்ற பதினொன்றையும் சரிபார்ப்பதற்காக வெர்ஹோஃப் முறைப்படி கணக்கிட்டு வைக்கப்பட்டது. ஓர் இலக்கம் தவறினாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலோ அது காட்டிக்கொடுத்துவிடும். ஐ.எஃப்.எஸ்.சி. 11 எழுத்து. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அந்த இடத்தில் ஆங்கில ‘ஓ’வைத் தட்டிவிட்டு வரும் தாள்கள் ஏராளம். ஒரே பணியாளர் எண் இரண்டு முறை வந்திருக்கிறதா, பணியில் சேர்ந்த தேதி பிறந்த தேதிக்கு முன்னால் இருக்கிறதா என்பவற்றை எல்லாம் இயந்திரமே பார்த்துவிடும்.

இயந்திரத்தால் பார்க்க முடியாத ஒன்று மீதமிருக்கிறது: இந்த மாற்றம் செய்யத் தக்கதா என்பது. அதற்குத்தான் வேறுபாட்டுப் பட்டியல். தரவுத்தளத்தில் இப்போது உள்ளது இது, தாள் சொல்வது அது என்று, மாறும் விவரங்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்செடுங்கள். பெரிய தாளில் மாறுபவை பெரும்பாலும் கொஞ்சம்தான் இருக்கும். கொஞ்சமாக இருக்க வேண்டியது மலைபோல் குவிந்தால், யாரோ ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்திவிட்டு, மற்றவற்றை அப்படியே விட்டுவிட்டார்கள் என்று சந்தேகப்படுங்கள். அந்தப் பட்டியல் நெடுவரிசைவாரியாக உரியவர்களிடம் போக வேண்டும். கைப்பேசி எண்ணுக்கு இளநிலை உதவியாளரின் ஒப்புதல் போதும். வங்கிக் கணக்குக்குக் கணக்குப் பிரிவின் ஒப்புதலும், ஊழியர் கையொப்பமிட்ட கடிதமும், காசோலை நகலும் வேண்டும். பிறந்த தேதி அந்தப் பட்டியலில் தலைகாட்டினாலே, ஆணை எண்ணைக் கேட்டு நிறுத்திவிட வேண்டும்.

ஒப்புதல் வந்த பிறகு ஏற்றுவது உண்மையிலேயே பத்து நிமிடம்தான். காப்பு நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அதை மீட்டெடுத்தும் பார்த்துவிடுங்கள். எல்லா மாற்றங்களையும் ஒரே பரிவர்த்தனைக்குள் அடக்குங்கள். பாதியில் மின்சாரம் போனால் ஒன்றும் மாறாத பழைய நிலைக்கே திரும்பிவிடும். எந்த வரிசைகள் என்ற நிபந்தனையை எழுத மறந்து ‘அப்டேட்’ கட்டளையை ஓட்டினால், அலுவலகத்தில் அத்தனை பேருக்கும் ஒரே கணக்கு எண் விழும். அதனால் எத்தனை வரிசை மாறியது என்று கட்டளை சொல்லும் எண்ணை, ஒப்புதலான பட்டியலின் எண்ணிக்கையோடு ஒப்பிட்ட பிறகே உறுதிசெய்யுங்கள். பழைய மதிப்பு, புதிய மதிப்பு, எந்தக் கோப்பின் எந்த வரிசை, யார் ஒப்புதல், எந்த நேரம் என்பவை எல்லாம் தனி அட்டவணையில் தாமாகப் பதிவாக வேண்டும்.

அந்த எக்செல் தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆதாரும் கணக்கு எண்ணும் உள்ள தாள் வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாது. தன் தரவைத் திருத்தக் கேட்கும் உரிமையையும் அது மக்களுக்குக் கொடுக்கிறது. வேலை முடிந்த தாளின் நகல்களை ஒவ்வொரு கணினியிலிருந்தும் நீக்கிவிடுங்கள்.

“எவ்வளவு சொன்னாலும் பிரிவுகளில் தனித் தாள் வைத்துக்கொள்கிறார்கள்” என்று கண்காணிப்பாளர்கள் குறைப்பட்டுக்கொள்வது எனக்குத் தெரியும். ஏன் வைத்துக்கொள்கிறார்கள் என்று போய்க் கேளுங்கள். பெரும்பாலும் நியாயமான காரணம் இருக்கும். விடுதிக் காப்பாளருக்கு மாணவரின் இரத்த வகை வேண்டும், தரவுத்தளத்தில் அதற்கு இடமே இல்லை. பேருந்துப் பொறுப்பாளருக்கு ஏறும் நிறுத்தம் வேண்டும், அதற்கும் இடமில்லை. இடம் கொடுத்துவிட்டால் அந்தத் தாளின் தேவை தானே குறையும். மிரட்டிக் குறைக்க முயன்றால் தாள் மேசை இழுப்பறைக்குள் போகுமே தவிர, இல்லாமல் போகாது.

நாளைக் காலையில் செய்யக்கூடிய வேலை ஒன்று சொல்கிறேன், கணினிகூட வேண்டாம். உங்கள் தரவுத்தளத்தில் உள்ள நெடுவரிசைப் பெயர்களை ஒரு தாளில் கீழே கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதை மாற்ற யார் சொல்ல வேண்டும், எந்த ஆவணத்தைப் பார்த்து என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அலுவலகத் தலைவரிடம் கையொப்பம் வாங்கி எல்லாப் பிரிவுக்கும் சுற்றுக்கு விடுங்கள். எழுதும்போது சில நெடுவரிசைகளுக்கு எதிரே யார் பெயரையும் போட முடியாமல் பேனா நிற்கும். சாதி, மதம், ஊனத்தின் சதவீதம், கடன் நிலுவை என்று அவை பெரும்பாலும் ஒருவருடைய சலுகையையோ பணத்தையோ தீர்மானிப்பவையாக இருக்கும். அந்தப் பெயரில்லாத நெடுவரிசைகளை எடுத்துக்கொண்டு அடுத்த பிரிவுக் கூட்டத்துக்குப் போங்கள். அவற்றுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கும்வரை, அவற்றைத் தொடும் எந்த எக்செல் தாளையும் ஏற்ற வேண்டாம்.

உங்கள் கேள்விகளுக்கு வரலாம்.